கேள்விக்குறிகளைப் பதிப்பித்தல்

மறைந்த ஈழத்துக் கதைஞர் ஒருவரின் கடிதங்களைத் தொகுக்கும் வேலை சென்ற ஆண்டு என் தலையில் விழுந்தது. குடும்பத்தாரின் முழுச் சம்மதம் இன்னும் வந்துசேரவில்லை என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஐரோப்பிய நகரம் ஒன்றில் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே எழுதியவர். 1998 முதல் 2006 வரை தமிழகத்திலிருந்த மூத்த பத்திரிகையாசிரியர் ஒருவருக்கு அவர் அனுப்பிய 112 மின்னஞ்சல்கள் ஒரு குறுந்தகட்டில் கிடைத்தன. ஆசிரியர் வைத்திருந்த அலுவலகக் கணக்கை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது, மாற்றிக்கொடுத்த பையன் எல்லாவற்றையும் தகட்டில் போட்டுக் கொடுத்தானாம். ‘எல்லாம் அப்பிடியே இருக்கு சார்’ என்று சொல்லிக் கொடுத்தானாம்.

எல்லாம் இருந்தது. தேதி இருந்தது, நேரம் இருந்தது, ஆங்கிலத்தில் எழுதிய முகவரி இருந்தது. தமிழ்தான் இல்லை.

ஏறத்தாழ பாதிக் கடிதங்கள் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகள் கலந்த எழுத்துக் குப்பையாகத் திறந்தன. கொஞ்சம் கடிதங்கள் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தன. இன்னும் சில, கேள்விக்குறிகள். வரிவரியாகக் கேள்விக்குறிகள். ‘தோழர், இவர் நம்மள என்னமோ கேட்டுக்கிட்டே இருக்காரு’ என்று தட்டச்சுக்கு உதவ வந்த தம்பி சிரித்தான். அப்போது நானும் சிரித்தேன்.

இப்படியொரு சங்கதியை இலக்கிய விமர்சனம் செய்கிறவன் எழுதலாமா, இது கணிப்பொறிக்காரர்களின் பாடு அல்லவா என்று கேட்கக்கூடும். சுவடியில் எழுத்து எப்படிச் சிதைந்தது என்பது உ.வே.சாமிநாதையருக்குச் சுவடி கட்டுகிறவனின் பாடாக இருக்கவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர் முன்னால் இருந்த ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்ற பொருள்வகைக் காரணம் வாசிப்பின் மேல் என்ன அதிகாரம் செலுத்தியது என்பது பதிப்பியலின் அடிப்படைக் கேள்வி. மின்னஞ்சலுக்கும் ஓலை உண்டு. அந்த ஓலை எப்படிக் கிழிகிறது என்று பார்க்காமல் நாம் பிரதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது சும்மா பேச்சு.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று இரு தரப்பும் முன்கூட்டி ஒப்பியிருக்க வேண்டும். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயற்கையான உறவு ஏதுமில்லை, வழக்கம் மட்டுமே உறவை உண்டாக்குகிறது என்று சசூரை முன்வைத்து நாம் வகுப்பெடுத்ததெல்லாம் இங்கே கச்சாவான நிஜமாக நிற்கிறது. 1960களில் அமெரிக்கர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு ஆஸ்கி என்று பெயர். ஏழு பிட், ஆக 128 இடங்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்து, அவற்றின் பெரிய வடிவம், எண்கள், நிறுத்தற்குறிகள், டெலக்ஸ் கருவியை ஓட்டும் கட்டளைகள், எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. பிரெஞ்சுக்காரனுக்கே அதில் இடமில்லை, நமக்கு எங்கே.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறைதான் இன்றுவரை ஒரு மின்னஞ்சல் சர்வர் இன்னொரு சர்வரோடு பேசுகிற முறைக்கு அடித்தளம். அதில் எழுத்து ஏழு பிட் என்று இருக்கிறது. கம்பியில் எட்டு பிட் போகுமென்றாலும் எட்டாவதைச் சுழியாக்கி அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. யாரையும் விலக்கும் நோக்கம் அதை எழுதியவருக்கு இருந்ததாக நான் கருதவில்லை. அவர் முன்னாலிருந்த கணிப்பொறிகளை இணைக்க அது போதுமானதாக இருந்தது. அதிகாரம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. நோக்கம் தேவையில்லை, ‘போதும்’ என்று யாரோ ஒருவர் தன் மேசையிலிருந்து பார்த்து முடிவு செய்தால் போதும்.

எட்டாவது பிட்டைச் சுழியாக்கினால் என்ன ஆகும்? 1990களின் இறுதியில் புலம்பெயர்ந்த தமிழர்களும் சிங்கப்பூர், மலேசியா, தமிழகத்தைச் சேர்ந்த ஆர்வலர்களும் சேர்ந்து உருவாக்கிய திஸ்கி குறியேற்றத்தில் ஆங்கிலம் 127 வரையுள்ள தன் பழைய இடங்களில் அப்படியே இருக்கும். தமிழ் மேல்பாதியில், 128 முதல் 255 வரை. அதில் ‘ம’ 193ஆம் இடம். எட்டாவது பிட் 128க்குச் சமம். அதை வெட்டினால் மிச்சம் 65, ஆங்கிலப் பெரிய ‘ஏ’. ‘ர’ 195, வெட்டினால் 67, ஆங்கில ‘சி’. ‘மர’ என்று இங்கே அடித்து அனுப்பினால் அங்கே ‘ஏசி’ என்று போய் இறங்கும். நமது ஆள் எழுதிய மரம் வழியில் எங்கோ வெட்டப்பட்டுவிட்டது.

ரஷ்யர்களின் கதை இங்கே நமக்கு உறைக்க வேண்டியது. அவர்களுடைய கோய்-8 குறியேற்றத்தில் ரஷ்ய எழுத்துகளை அவற்றின் சொந்த அகரவரிசையில் வைக்கவில்லை. வேண்டுமென்றே குலைத்து, ஒவ்வொரு ரஷ்ய எழுத்தையும் அதே ஒலியுள்ள ஆங்கில எழுத்திலிருந்து சரியாக 128 தள்ளி வைத்தார்கள். எட்டாவது பிட் வெட்டப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். வெட்டப்பட்ட பிறகும் வாசிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ‘ப்ரிவியெத்’ என்ற வணக்கச்சொல் வெட்டுப்பட்டுப் போனால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் கிட்டத்தட்ட அதே ஒலியோடு போய்ச் சேரும்; ‘வி’ வர வேண்டிய இடத்தில் ‘டபிள்யூ’ விழும், அவ்வளவுதான். ஜப்பானியர் இன்னொரு வழி கண்டார்கள். ஏழு பிட்டுக்குள்ளேயே, ‘இனி ஜப்பானிய மொழி’, ‘இனி ஆங்கிலம்’ என்று இடையிடையே கதவு திறந்து மூடும் குறிகளைச் செருகினார்கள். இந்த இரண்டு ஏற்பாடுகளும் 1993இல் இணைய ஆவணங்களாகவே பதிவாகிவிட்டன. எழுத்துச் சிதைவுக்கு ஜப்பானியர் வைத்த ‘மொஜிபாகே’ என்ற பெயரைத்தான் இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறது. பட்ட அடிக்குப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். நாம் ‘ஃபான்ட் இல்ல’ என்று சொல்லிக் கடந்துபோனோம்.

அந்த ‘ஃபான்ட் இல்ல’ என்ற வாசகத்துக்குள் ஒரு முழுக் காலகட்டம் இருக்கிறது. நமது எழுத்துரு வணிகர்கள் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு எண்வரிசை வைத்திருந்தார்கள். நாளிதழ்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அவனிடம் வாங்கிய எழுத்துருவில் அடித்ததை இவன் கடையில் திறக்க முடியாது. இதில் வெள்ளைக்காரன் சதி ஏதுமில்லை, சுத்தமான உள்நாட்டுச் சரக்கு. கணிப்பொறியில் தமிழுக்கு நேர்ந்ததையெல்லாம் யாரோ வெளியார் செய்த துரோகமாகச் சொல்லிப் பழகிவிட்ட நம்மவர்கள் இந்த இடத்தில் மட்டும் மௌனம் காப்பதைக் கவனிக்க வேண்டும்.

பாமினி எழுத்துரு விஷயத்தில் விநோதமான ஒன்று நடந்தது. ஈழத்தவரிடையே மிகப் பரவலாக இருந்த இந்த எழுத்துரு, பழைய தட்டச்சுப் பொறியின் விசைகளை ஒட்டி, தமிழைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார வைத்தது. ‘அம்மா’ என்றால் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாதவனுக்கு அர்த்தமற்ற ஆங்கிலம். ஆனால் எட்டாவது பிட்டைப் பெரும்பாலும் தொடவே இல்லை என்பதால் எந்தச் சர்வரின் வழியே போனாலும் காயமில்லாமல் போய்ச் சேர்ந்தது. தரப்பாட்டுக்காரர்கள் பாமினியை ஏளனமாகப் பார்த்தது எனக்குத் தெரியும். தொழில்நுட்பரீதியாக அவர்கள் சொன்னது சரி. குறுந்தகட்டில் ஒரு எழுத்துகூடத் தொலையாமல் கிடைத்தவை நம் கதைஞர் பாமினியில் அடித்தவை மட்டுமே. அகதி தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு எல்லையைக் கடப்பதைப் போல என்று எழுதத் தோன்றுகிறது. கொஞ்சம் மலிவான உவமை. இருந்தாலும் விட்டுவைக்கிறேன்.

1992 ஜூனில் போரென்ஸ்டைனும் ஃப்ரீடும் எழுதிய மைம் என்ற ஏற்பாடு வந்தது. ஏழு பிட் குழாயை உடைக்காமல் அதற்குள்ளேயே எதையும் அனுப்பும் வழி. ஒவ்வொரு அஞ்சலின் தலைப்பகுதியிலும் இரண்டு தகவல் இருக்க வேண்டும்: இந்த எண்கள் எந்த எழுத்துத் தொகுதியைச் சேர்ந்தவை என்பது ஒன்று, அவற்றை எப்படி மூட்டை கட்டியிருக்கிறது என்பது மற்றொன்று. மூட்டை கட்ட இரண்டு முறை. ஒன்றில் ஆங்கிலம் அப்படியே போகும். ஆங்கிலமல்லாத ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு குறிகளுமாக மும்மடங்காகும். இன்னொன்றான பேஸ்64இல் மூன்று பைட்டு நான்கு குறிகளாகும். இன்றைய யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ‘அ’ மூன்று பைட்டு: 224, 174, 133. முதல் முறையில் இது ஒன்பது குறி. ‘கொ’ என்பது யூனிகோடின் கணக்கில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு. ஆக பதினெட்டு குறி. ஆங்கில ‘ஏ’ ஒரே குறி. ஆங்கிலம் சும்மா போகிறது, மற்றவர்கள் சுங்கம் கட்டிப் போகிறார்கள். மைம் இல்லாவிட்டால் நாம் போகவே முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இனி நோய்க்குறிகளுக்கு வருவோம். பழைய அஞ்சல்களை வைத்துக்கொண்டு தவிக்கிற நண்பர்கள் பலர் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலைமேல் கோடு சாய்ந்த சின்ன ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, மறுபடி அதே ‘ஏ’, அதே ‘ஆர்’ என்று பக்கம் முழுக்கத் தெரிந்தால் மனம் தளர வேண்டாம். அது யுடிஎஃப்-8 தமிழ். யூனிகோடில் தமிழ்ப் பகுதியின் எல்லா எழுத்தும் 224, 174 என்றோ 224, 175 என்றோதான் தொடங்கும். 224ஐ மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் பார்த்தால் அந்த ‘ஏ’, 174ஐப் பார்த்தால் அந்த ‘ஆர்’. எண்கள் முழுசாக இருக்கின்றன, பார்க்கிறவன் தப்பான அகராதியைக் கையில் வைத்திருக்கிறான். அகராதியை மாற்றினால் தமிழ் வந்துவிடும்.

பலவகையான உச்சரிப்புக் குறி எழுத்துகள் ஒழுங்கில்லாமல் தெரிந்தால் பெரும்பாலும் திஸ்கி போன்ற எட்டு பிட் தமிழ். இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. திஸ்கி உலகப் பதிவேட்டில் ஓர் எழுத்துத் தொகுதியாக ஏறியது 2007இல். அதாவது அதன் காலம் முடிகிற நேரத்தில். அதுவரை எழுதியவர்கள் அஞ்சலின் தலையில் எந்தப் பெயரைப் போடுவது? ‘பயனர் தாமாக வரையறுத்தது’ என்ற பொருள்படும் ஒரு பொதுப்பெயரைப் போட்டார்கள். அல்லது மேற்கு ஐரோப்பியம் என்று போட்டார்கள். பொய்ப் பெயர்தான். ஆனால் அந்தப் பொய்ப் பெயரில் போனால்தான் வழியில் யாரும் தொடாமல் விட்டார்கள். பல ஆண்டு கழித்து ஒரு சர்வர் அந்தப் பொய்யை நிஜமென்று நம்பி, ‘மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை’ யூனிகோடுக்கு மாற்றிவைத்தால் தமிழ் இரட்டை வேஷத்தில் மாட்டிக்கொள்ளும். இதையும் படியிறங்கி மீட்கலாம். முதலில் யூனிகோடிலிருந்து மேற்கு ஐரோப்பிய எண்ணுக்கு, பிறகு அந்த எண்ணைத் திஸ்கியாக வாசித்து மறுபடி யூனிகோடுக்கு. நம் கடிதங்களில் பெரும்பகுதி இப்படித்தான் திரும்பிவந்தது.

முழுசாக வரவில்லை. திஸ்கியின் முதல் வடிவங்களில் ‘இ’ 173ஆம் இடத்தில் இருந்தது. மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் 173 என்பது வரி உடையும்போது மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சிறுகோடு. மற்ற நேரம் காட்ட வேண்டியதில்லை. ஆகவே பல மென்பொருள்கள் ‘இ’யைக் காட்டாமல் விட்டன, சில தூக்கியே எறிந்தன. பிற்பாடு அதை 254க்கு இடம் மாற்ற வேண்டி வந்தது. நம் கதைஞரின் 1999ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் ‘இருக்கிறேன்’ என்பது ‘ருக்கிறேன்’ என்றும் ‘இங்கே’ என்பது ‘ங்கே’ என்றும் வருகிறது. தம்பி அதை யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு என்று நினைத்து அடிக்குறிப்பு எழுதி வைத்திருந்தான்! சிரிக்க வேண்டாம், நானும் முதலில் நம்பினேன். வட்டாரவழக்கு ஆய்வுகள் எத்தனை இப்படி நிற்கின்றனவோ.

இன்னொரு தொகுதியில் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் போயிருந்தன. ராஜன் ‘ரான்’ ஆகியிருந்தார். திஸ்கியில் கிரந்த எழுத்துகள் 128க்கும் 159க்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கின்றன. ஒரு பட்டியல்படி அந்தப் பகுதி முழுக்கக் கட்டுப்பாட்டுக் குறிகளின் இடம். எந்த நிரலியோ அவற்றைக் குப்பை என்று பெருக்கித் தள்ளிவிட்டது. மறைமலையடிகள் மாற்றெழுத்தாவது கொடுத்திருப்பார். இந்தத் தனித்தமிழ் இயக்கம் அதுகூடச் செய்யவில்லை.

கேள்விக்குறிகள்தான் மீளாதவை. தலைப்பகுதியில் எழுத்துத் தொகுதியின் பெயரே இல்லையென்றால் அதை ஆஸ்கி என்று கொள்ள வேண்டும் என்பது மைம் வகுத்த விதி. பெயர் சொல்லாதவன் ஆங்கிலத்தான். இப்படிப் பெயரில்லாமல் வந்த அஞ்சலை மாற்ற முற்படும் நிரலி, 127க்கு மேற்பட்ட ஓர் எண்ணைச் சந்திக்கிறது. ஆஸ்கியில் அப்படி ஓர் எழுத்து கிடையாது. கிடையாததை எப்படிக் காட்டுவது? அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. மூல எண் அழிந்தது. எந்த அகராதியாலும் இனி ஆகாது.

செல்லரித்த ஏட்டில் ஓட்டை தெரியும். ஓட்டையை எழுத்தென்று யாரும் வாசிக்க மாட்டார்கள். இங்கே ஓட்டையே ஓர் எழுத்தாக, நிஜமான நிறுத்தற்குறியாக நிற்கிறது. எழுதியவர் போட்ட கேள்விக்குறி எது, யந்திரம் போட்டது எது என்று பிரிக்க வழியில்லை.

இனித்தான் சொல்ல வேண்டியது வருகிறது. கேள்விக்குறியான கடிதங்களில் ஒன்று, எங்கள் வரிசையில் 17ஆவது. ராணுவம் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் 1996இல் நூற்றுக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல் போனார்கள் என்பது உலகறிந்த செய்தி. தன் ஊரில் அப்படிப் போனவர்களின் பட்டியலை அவர் அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார் என்று பெற்றுக்கொண்ட ஆசிரியர் சொல்கிறார். பத்திரிகையில் வெளியிடக் கேட்டாராம். அன்றைக்குத் திரையில் பார்த்தாராம். எழுத்துரு சரியாக இருந்ததாம். பெயர்கள் நினைவில்லை. இதழ் அதற்குள் நின்றுபோனதால் வெளிவரவும் இல்லை. இப்போது அந்தக் கடிதத்தில் இருப்பது இது: 1, 2, 3 என்று பதினொன்று வரை எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே கேள்விக்குறிகள், ஒரு காற்புள்ளி, அதன் பிறகு வயது. 19. 24. 17. 31. எண்கள் ஆஸ்கியில் இருக்கின்றன. ஆகவே வயது பிழைத்தது, பெயர் போயிற்று.

கடிதம் எப்போதும் தன் சேருமிடத்தை அடையும் என்று லக்கான் போவின் கதையை வைத்துச் சொன்னதையும், அடையாமல் போகும் சாத்தியம் கடிதத்தின் இயல்பிலேயே உண்டு என்று தெரிதா அதை மறுத்ததையும் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த விவாதத்தில் இருவருமே கடிதத்தை முழுசான ஒன்றாகவே பேசுகிறார்கள். போகும் அல்லது போகாது. சேருமிடத்தை அடைந்து, வயதை மட்டும் ஒப்படைத்து, பெயரைத் தன்னோடு எடுத்துக்கொண்டுபோகும் கடிதத்தைப் பற்றி அவர்களிடம் ஏதுமில்லை. குறை சொல்லவில்லை. பிரெஞ்சு மொழிக்கு எட்டாவது பிட் விஷயத்தில் பட்ட காயம் சின்னது.

பதினொரு பெயர்களையும் கொஞ்சமாவது மீட்க முடியுமா என்று இரண்டு மாதம் மல்லுக்கட்டினோம். அனுப்பியவர் பக்கத்தில் பிரதி இருக்குமா என்று தேடினோம். அந்தக் கணிப்பொறி குப்பைக்குப் போய்ப் பல வருஷமாகிறது. திஸ்கி ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பைட்டு என்பதால் கேள்விக்குறிகளை எண்ணினால் பெயரின் நீளம் தெரியும். ‘குமார்’ என்றால் நான்கு: கு, ம, கால், ர். ‘சிவா’ என்றாலும் நான்கு: ச, விசிறி, வ, கால். மூன்றாம் எண்ணில் இருப்பவர் நான்கு குறி. குமாரா, சிவாவா, ‘ரவி’யோடு முதலெழுத்து ஒன்று சேர்ந்ததா? காணாமல் போனோர் பற்றிய பழைய பட்டியல்களோடு வயதையும் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் ஆசிரியர். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். ‘தோழர், பெயரைப் போடாமெ விட்டா அது அவங்களை ரெண்டாவது தடவ தொலைக்கிறது மாதிரி’ என்றார். நான், ‘அய்யா, ஊகிச்சுப் போட்டா வேற ஒருத்தரைக் கொன்னது மாதிரி ஆயிடும்’ என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதெல்லாம் பழங்கதை, யூனிகோடு வந்த பிறகு தீர்ந்த பிரச்சினை என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பகுதி தீர்ந்தது, உண்மை. 1992 செப்டம்பரில் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 இன்று கிட்டத்தட்ட எங்கும் இருக்கிறது. தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் பதினாறு பிட் டேஸையும் ஏற்றது. ஆனால் 1991இல் யூனிகோடுக்குள் தமிழ் நுழைந்த விதம் இஸ்கி என்ற இந்திய அரசுத் தரத்தின் வழியாக. தேவநாகரியை அச்சாக வைத்து எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே அறை எண் கொடுத்த ஏற்பாடு அது. விளைவாக, தமிழ்ப் பகுதியில் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவில் மூன்று வெற்று அறைகள் இன்றும் கிடக்கின்றன. வல்லினத்துக்கு நான்கு ஒலி இல்லாத மொழியின் வீட்டில் வராத விருந்தாளிகளுக்காக மூன்று நாற்காலி. உயிர்மெய் ஒவ்வொன்றும் ஓர் எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் 247 எண்ணிய நமக்கு, இயந்திரம் மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. தொல்காப்பியம் முதலெழுத்து முப்பது என்றதோடு இதை ஒப்பிட்டு யூனிகோடே தொல்காப்பிய மரபு என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். அவசரம்.

ஏனென்றால் எண்ணுகிற முறைக்கு விளைவு உண்டு. அஞ்சலின் பொருள்வரியைத் தமிழில் எழுதினால் அது 75 குறிக்கு மிகாத துண்டுகளாக நறுக்கப்பட வேண்டும். பேஸ்64இல் உறைகளைக் கழித்தால் ஒரு துண்டுக்குப் பதினைந்து யூனிகோடு எழுத்து தேறும். நம் கணக்கில் எட்டோ பத்தோ. எழுத்தின் நடுவில் வெட்டக் கூடாது என்று விதி சொல்கிறது. ஆனால் விதியின் எழுத்து வேறு, நம் எழுத்து வேறு. ககரத்துக்கும் அதன் ஒகரக் குறிக்கும் நடுவில் வெட்டினால் விதி மீறப்படவில்லை. ஒட்டுகிற சர்வர் ஒழுங்காக ஒட்டினால் பிரச்சினை தெரியாது. துண்டுகளுக்கிடையே ஓர் இடைவெளியை விட்டுவிட்டால் குறி தனியே ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். மனு அனுப்பியவன் படிக்காதவன் என்று அலுவலகத்தில் நினைத்துக்கொள்வார்கள்.

முகவரி இன்னும் கடினம். முழு முகவரியையும் தமிழில் எழுத 2012இல் விதி வந்தது. உள்ளடக்கத்தை ஒரு சர்வர் ஏற்காவிட்டால் மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடலாம். முகவரியைக் கட்ட முடியாது. எதிர்ச் சர்வர் ஏற்காவிட்டால் அஞ்சல் திரும்பிவிடும். தாழ்த்தி அனுப்பும் ஒரு முறையைச் சோதனையாக வைத்துப் பார்த்துக் கைவிட்டார்கள். சொல்லவந்த சேதியை ஆங்கில வேஷத்தில் அனுப்பலாம், பெயரை முடியாது.

மீட்ட கடிதங்கள் அச்சுக்குப் போகின்றன. யந்திரம் தின்ற ‘இ’க்களைப் பகர அடைப்புக்குள் மீட்டுக் காட்டுகிறோம். கிரந்தம் போன இடங்களில் ஊகம் உறுதியாக இருந்தால் மட்டும் போடுகிறோம். மூலக் கோப்புகளைப் பைட்டு மாறாமல் மூன்று இடங்களில் படியெடுத்து வைத்திருக்கிறோம்; உங்களிடம் இதுபோல் பழைய அஞ்சல்கள் இருந்தால், தயவுசெய்து திறந்து, படித்து, ‘சேமி’ கொடுக்காதீர்கள். முதலில் கோப்பைத் தொடாமல் நகலெடுங்கள்.

17ஆவது கடிதத்தைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. கேள்விக்குறிகளை அப்படியே அச்சிட வேண்டும், எத்தனை வந்ததோ அத்தனை, என்பது என் கட்சி. வெற்றுக் கட்டங்கள் போட வேண்டும் என்கிறான் தம்பி. ஆசிரியர் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கனடாவில் கண்டுபிடித்திருக்கிறார். பதினொன்றில் நான்கு பெயரை அவர் சொல்லிவிட்டார், வயதோடு. மூன்றாம் எண்ணுக்காரர் அந்த நான்கில் இல்லை. பட்டியலுக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. பத்தொன்பது கேள்விக்குறிகள், இரண்டு இடைவெளி. கடைசிக் கேள்விக்குறி அவர் போட்டதாகத்தான் இருக்கும் என்கிறார் ஆசிரியர்.